ஆறு வீரர்களும் கூடப் போனவளும்

வேலம்பாளையத்தில் மயில்சாமியைத் தெரியாத ஆள் கிடையாது. தெய்வாத்தாளைத் தெரிந்தவர்கள்தான் கம்மி. அவளைப் பற்றி விசாரித்தால், "யாரு, நம்ம கொட்டாய் மயில்சாமி புள்ளைங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கல்யாணமாகாத இருபத்து மூன்று வயது வரைக்கும் அதுதான் அவளுக்கு விலாசம். இது அவளுடைய கதை. ஆனால் பாருங்கள், இதைக்கூட அப்பனிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த எரிச்சல் அவளுக்கு நிறைய உண்டு. சொல்கிறவருக்கும் கொஞ்சம் உண்டு.

மயில்சாமி ஊர்க்கோடியில் இருந்த டெண்ட் கொட்டாயில் ஆபரேட்டர். சுற்றிலும் தட்டி, மேலே கித்தான், கீழே மணல். புதுப்படம் எதுவும் அங்கே நேராக வந்துவிடாது. திருப்பூரில் ஓடி, அவிநாசியில் ஓடி, பூண்டித் தேர்த் திருவிழாவிலும் ஓடி, திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்கிற நிலைமைக்கு வந்த பிறகுதான் வேலம்பாளையத்துக்கு வரும். அதுவும் வராத வாரங்களில் ஓட்டுவதற்கென்று கொட்டாய்க்காரர் ஓர் இங்கிலீஷ் படத்தைக் கோயமுத்தூரில் பழைய விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். ராக்கெட்டில் ஏறி வெள்ளிக் கிரகத்துக்குப் போய், அங்கே பல்லி மாதிரி இருக்கிற பூதங்களோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வருகிற கதை. அதன் இங்கிலீஷ் பேர் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. போஸ்டரில் 'வெள்ளிக் கிரகத்தில் ஆறு வீரர்கள்' என்று எழுதி ஒட்டினார்கள்.

இங்கிலீஷ் யாருக்குப் புரியும்? அதனால் மயில்சாமி ரீலை மாட்டிவிட்டு மைக்கைக் கையில் எடுத்துக்கொள்வார். படம் ஓட ஓடத் தமிழில் கதை சொல்வார். பாதிக் கதை கோயமுத்தூரில் ஒரு வாத்தியார் அவருக்கு விளக்கிச் சொன்னது. மீதி அவருடைய சொந்தச் சரக்கு. திரையில் வெள்ளைக்காரக் கேப்டன் உதட்டை அசைப்பான், ஸ்பீக்கர் குழாயில், "ஏனப்பா, எண்ணெய் எத்தன கெடக்குது? ஊடு போய்ச் சேர்ந்துருவமா?" என்று மயில்சாமியின் குரல் வரும். மணலில் உட்கார்ந்திருக்கிற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிரித்தபடியே பயந்து, பயந்தபடியே கை தட்டும். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் மனப்பாடம். சரியாகச் சொன்னால், மயில்சாமி சொன்ன கதை மனப்பாடம்.

அவருக்கு அந்தப் படத்தின்மேல் அப்படியொரு உசிர். பெண்டாட்டிமேல் அவ்வளவு பிரியம் இருந்ததா என்று நஞ்சம்மாளைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். அவள் இன்டர்வெல்லில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டில் பாதிச் சம்பாத்தியம் அவளுடையது, ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

மகள்மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அங்கேதான் சிக்கலே. ஆபரேட்டர் ரூமில் ஒரு தகர டிரம்மின் மேல் அவளை ஏற்றி நிறுத்தி, சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் படம் காட்டுவார். பொழுது இறங்கி முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும்போது மேற்கே கையைக் காட்டி, "அதா பாரு கண்ணு, பளிச்சுன்னு தெரியுதே, அதுதான் வெள்ளி. நம்மாளுங்க அங்கதான் போனாங்க" என்பார். அந்தத் தெருவில் பெண்பிள்ளைக்கு வானத்தைக் காட்டிய அப்பன் வேறு ஒருத்தன் இல்லை. அதை நினைத்தால்தான் தெய்வாத்தாளுக்குப் பிற்பாடு முழுசாகக் கோபப்படவும் முடியாமல் போயிற்று.

அந்த ராக்கெட் கப்பலில் ஒரு பெண்ணும் உண்டு. உடம்பை ஒட்டின சட்டை, தூக்கிக் கட்டிய கொண்டை. மயில்சாமியின் மைக்கில் அவளுக்கு மொத்தமே ரெண்டு பேச்சுத்தான். ஒன்று, "ஏனுங்க, டீ சாப்புடறீங்களா?" இன்னொன்று, "ஏனுங்க, எனக்குப் பயமாருக்குதுங்க." அவள் தட்டை ஏந்திக்கொண்டு நடந்து வந்தால் கொட்டாயில் விசில் காதைக் கிழிக்கும்.

இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது தெய்வாத்தாள் அப்பனிடம் கேட்டாள். கப்பலில் ஏழு பேர் இருக்கிறார்களே, போஸ்டரில் ஏன் ஆறு என்று போட்டிருக்கிறது?

"அந்தப் புள்ள வீரர் இல்ல கண்ணு," என்றார் மயில்சாமி. "அது கூடப் போறது."

இன்னொரு சந்தேகமும் அவளுக்கு உண்டு. படத்தின் கடைசியில் திரும்பி வருகிற வழியில் கப்பல்மேல் கல்மழை விழும். தீப்பிடிக்கும். கேப்டன் தலையில் அடிபட்டு விழுவான், கூட இருக்கிற மற்றவர்களும் ஆளுக்கொரு மூலையில் சுருண்டுவிடுவார்கள். அடுத்த நொடியே கப்பல் பூமியில் இறங்கும், சனம் கொடியை ஆட்டும். நடுவில் யார் கப்பலைச் சரி பண்ணியது? "கேப்டன் எந்திரிச்சு, தீய அணைச்சு, கப்பல ஓட்டியாந்துட்டாருங்கோவ்" என்று மைக்கில் அப்பன் சொல்லுவார். ஊர் கை தட்டும். ஒருத்தருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. இவள் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், அதைப் படத்தில் காட்டவில்லையே என்று நச்சரிப்பாள். எல்லாத்தையும் காட்டிக்கொண்டிருப்பார்களா என்று அவர் அதட்டிவிடுவார்.

ரொம்ப நச்சரித்ததாலோ என்னவோ, ஒரு நாள் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு ஃபிலிமை எடுத்து அவளிடம் கொடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பெரிய கவசத் தொப்பி, அதன் கண்ணாடியெல்லாம் புகை மூடி, ஆள் ஒருத்தர் இரண்டு கையாலும் ஒரு நெம்புகோலைப் பிடித்து இழுக்கிறார். பின்னால் தீ. "கேப்டன்," என்றார் அப்பன். அவ்வளவுதான், அவளுக்கு அது சாமி படமாகிவிட்டது. பவுடர் டப்பாவுக்குள் போட்டு வைத்துத் தினமும் எடுத்துப் பார்த்தாள். தெருவில் பிள்ளைகள் சேர்ந்து படக் கதையை விளையாடும்போது, நான்தான் கேப்டன் என்று முன்னால் போய் நிற்பாள். பையன்கள் விடவே மாட்டார்கள். உங்கப்பனே சொல்றாரே, நீ டீ குடுக்கறவ என்று கொட்டாங்குச்சியைக் கையில் திணிப்பார்கள். அதில் மண்ணை நிரப்பிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஆளாளுக்கு டீ கொடுப்பாள்.

எட்டாவது முடித்த கையோடு படிப்பு நின்றது. அப்பன்தான் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போய் விட்டார். கைமடி வேலை. ஓவர்லாக் மெஷினில் டெய்லர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நின்று பீஸை எடுத்து, ஓரத்தை மடித்து, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நீட்ட வேண்டும். அவர் தைத்துத் தள்ளியதை எடுத்து அடுக்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போனால் மெஷினில் ஒட்டியிருக்கிற பஞ்சைத் துடைக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. தைப்பவர் ஆண், நிற்பவள் பெண். கூலியும் அதற்கேற்ற மாதிரி. முதல் நாளே தெய்வாத்தாளுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடுவதற்கு ரெண்டு வருசமாயிற்று. கூடப் போறது.

இதற்கு நடுவே ஊரெல்லாம் டி.வி. வந்து, வீடியோ டெக் வந்து, கொட்டாய் படுத்துவிட்டது. இடத்தைச் சாயப்பட்டறைக்கு விற்றார்கள். மயில்சாமி சும்மா உட்கார்ந்திருந்தபோது பனியன் கம்பெனி முதலாளி தங்கவேலு கூப்பிட்டு வாட்ச்மேன் வேலை கொடுத்தார். தங்கவேலு சின்ன வயதில் அந்த மணலில் உட்கார்ந்து வெள்ளிக் கிரகத்தைப் பார்த்தவர். "அண்ணனோட குரலைக் கேட்டுத்தான் நானெல்லாம் வெளியுலகம்னு ஒண்ணு இருக்கறதத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சரக்கு வாங்க வருகிற பையர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆக, தெய்வாத்தாள் வேலை செய்கிற கம்பெனியின் கேட்டிலேயே அப்பன் உட்கார்ந்தார். காலையில் அவர் திறந்துவிட்டால் உள்ளே போகணும், சாயங்காலம் அவர் திறந்துவிட்டால் வெளியே வரணும்.

அந்தக் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்த ஒரே பெண் ஒச்சாயி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளைத் தடுக்கவோ அனுமதிக்கவோ யாரும் இல்லாததால் தானாகப் போய் உட்கார்ந்து, தானாகத் தைத்து, தானாகத் திட்டு வாங்கி டெய்லராகிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் பீடி குடிக்க வெளியே போனதும் தெய்வாத்தாளைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். வேஸ்ட் துணியில் ஓட்டிப் பழக வைத்தாள். "காலை அமுக்குனா ஓடும், எடுத்தா நிக்கும். இதுல என்னத்தா கம்ப சூத்திரம் இருக்கு?" என்பாள். ஆரம்பத்தில் துணி சுருட்டிக்கொண்டு போயிற்று, ஊசி உடைந்தது, ஒருமுறை விரல் நகத்தில் ஏறிவிட்டது. வீட்டில் கதவு நசுக்கியது என்று சொல்லிச் சமாளித்தாள். அந்த வருசக் கோடைக்குள் ஒச்சாயியே குறை சொல்ல முடியாத அளவுக்குத் தையல் நேராக வந்தது.

சூப்பர்வைசர் மருதாசலத்திடம் போய், எனக்கு மெஷின் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். தைத்ததைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அப்புறம், "அப்பங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு அம்மிணி, கேட்லயேதான் உக்காந்திருக்கறாரு" என்றார். ஊரான் ஊரான் பையன்களெல்லாம் வந்து மெஷினில் உட்காருகிறார்கள். எவனையாவது அப்பனைக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார்களா?

அப்பனைக் கேட்டாள். ஆளில்லாத பொம்பளைங்க உட்கார்கிற இடம் அது என்றார். ஆம்பளைகளுக்கு நடுவில் சரிக்குச் சரியாக உட்கார்ந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன கேட்பான் என்றார். கடைசியில் குரலை இறக்கி, கைமடி வேலைக்கு என்ன குறைச்சல் கண்ணு, டெய்லர் கூடவேதானே இருக்கிறாய் என்று தேற்றவும் செய்தார். அவளுக்கு மண்டை காய்ந்துபோனது.

தொண்ணூற்று மூன்றாம் வருசத்து ஆயுத பூஜைக்கு முன்னால் தங்கவேலு பின்பக்க ஷெட்டில் புதுசாக ஒரு வரிசை மெஷின் இறக்கினார். ஆர்டர் குவிந்து கிடந்தது, டெய்லர் கிடைக்கவில்லை. விஜயதசமி அன்று காலையில் புது வரிசை ஓடும், வீட்டில் ஒப்புக்கொண்டால் பெண்களும் உட்காரலாம், அன்றைக்கு மெஷின் ஓடுவதற்குள் மருதாசலத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று அறிவித்தார். விஜயதசமியில் உட்கார்ந்தவர் டெய்லர். உட்காராதவர் கைமடி. அப்புறம் அடுத்த வரிசை எப்போது வருமோ, அதற்குள் அவளைக் கட்டிக்கொடுத்தே விடுவார்கள். இது தெய்வாத்தாளுக்கு நன்றாகத் தெரியும். பூஜை நாள் முழுக்க அப்பனைத் தனியாகப் பிடிப்பதற்குச் சமயம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பூஜையும் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை அவளுக்கு. வருசா வருசம் நடப்பதுதான். கைமடிப் பெண்கள் மெஷினையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பஞ்சு எடுத்து, எண்ணெய் விட்டுப் பளபளக்க வைப்பார்கள். பிறகு டெய்லர்கள் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து அவரவர் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். துடைத்த கை கறுப்பாக இருக்கிறதே, அதோடு குங்குமத்தைத் தொட்டுவிடாதே என்று ஒரு டெய்லர் அவளிடம் சொன்னான். அவனை ஒச்சாயி பார்த்த பார்வையில் அவன் வேட்டியே அவிழ்ந்திருக்க வேண்டும்.

பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்ததும் வாடகைக்கு எடுத்த டி.வி.யையும் டெக்கையும் மேசைமேல் தூக்கி வைத்தார்கள். அது ஒவ்வொரு வருசமும் உண்டு. இந்த வருசம் தங்கவேலு ஒரு விசேசம் பண்ணியிருந்தார். சிங்கப்பூரில் இருக்கிற மச்சானிடம் சொல்லி வைத்து, தேடிப் பிடித்து, அந்தப் படத்தின் கேசட்டை வரவழைத்திருந்தார். வெள்ளிக் கிரகத்தில் ஆறு வீரர்கள். மைக் செட்டும் ரெடி. கதை சொல்ல மயில்சாமி அண்ணன்.

வாட்ச்மேன் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, அவர் வந்து மைக்கைப் பிடித்தபோது தெய்வாத்தாளுக்கே சந்தோசமாகத்தான் இருந்தது. கொட்டாய் மூடிய பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. படம் ஆரம்பித்தது. அதே குரல், அதே எண்ணெய் விசாரணை, அதே சிரிப்பு. அந்தப் பெண் தட்டோடு வந்தாள், "ஏனுங்க, டீ சாப்புடறீங்களா?" டெய்லர்கள் விசிலடித்தார்கள். தெய்வாத்தாளின் உதடும் தன்னால் கூடவே சொல்லிற்று. பழக்கம்.

கல்மழை வந்தது. கேப்டன் தலையில் அடிபட்டு விழுந்தான். அடுத்தது கொடிதான் என்று எல்லோரும் கை தட்டத் தயாரானார்கள். கொடி வரவில்லை. படம் கப்பலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குள் இருந்து கவசத் தொப்பி போட்ட ஆள் ஒருத்தர் எழுந்தார். தள்ளாடிப்போய் நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்தார்.

தெய்வாத்தாளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுடைய ஃபிலிம் துண்டு. பவுடர் டப்பாவுக்குள் இத்தனை வருசமாக அசையாமல் நின்ற ஆள் இப்போது அசைகிறார்.

மயில்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேப்டன் எந்திரிச்சுட்டாருங்கோவ்" என்றார். ஆனால் கேப்டன் அங்கேயே, அந்த ஆளின் காலடியிலேயே, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறானே. ஒவ்வொருத்தராக அதைக் கவனித்தார்கள். அந்த ஆள் தீயை அணைத்து, ஒயரைப் பிய்த்து முடிச்சுப் போட்டு, கப்பலை நேராக நிறுத்திவிட்டு, மூச்சு முட்டித் தொப்பியைக் கழற்றினார். கொண்டை அவிழ்ந்து முடி தோளில் விழுந்தது.

டீ கொடுத்த பெண்.

நெற்றியில் ரத்தம் வழிய உட்கார்ந்து அவள்தான் ஓட்டினாள். ரேடியோவில் யாரிடமோ நிறுத்தி நிதானமாக நிறையப் பேசினாள். இங்கிலீஷ்தான், ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அதில் பயமாருக்குதுங்க என்பது இல்லை என்று எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும். குழாயில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இதெல்லாம் நம்ம கொட்டாயில் வரவே இல்லையே அண்ணா என்று தங்கவேலு சிரித்துக்கொண்டே கேட்டார்.

மயில்சாமி நெற்றியைத் துடைத்தார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "கேப்டன் சொல்லிக் குடுத்தபடி அந்தப் புள்ள செய்யுதுங்கோ" என்றார்.

தெய்வாத்தாள் எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

"அவரு மயங்கிக் கெடக்கறாருங்கப்பா. எப்பங்க சொல்லிக் குடுத்தாரு?"

முதலில் சிரித்தது ஒச்சாயி. அப்புறம் பெண்கள் மொத்தமும். பிறகு தங்கவேலு, டெய்லர்கள், எல்லோரும். மயில்சாமியும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டுக்குப் போய்விட்டார்.

கதை சொல்ல ஆளில்லாமல் படம் தன்பாட்டில் ஓடி முடிந்தது. கப்பல் இறங்கிற்று, சனம் கொடியை ஆட்டிற்று. கேப்டன் கண் விழித்து வெளியே வந்தான். அவன் கழுத்தில் மெடல் மாட்டினார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தப் பெண் பின்வரிசையில், கொண்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி நின்றாள். தெய்வாத்தாளுக்கு இதுதான் தாங்கவே இல்லை. கொட்டாயில் அப்பன் அவள் பங்கை வெட்டியதாவது கத்தரியால் வெட்டியது. படம் எடுத்த மகராசன்களோ வெட்டாமலேயே வெட்டியிருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு மெடல் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? இந்த ஊர்க்காரன்தான் இப்படி என்று பார்த்தால் ராக்கெட் விடுகிறவனும் இப்படித்தானா?

சாயங்காலம் பொரிப் பொட்டலத்தோடு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் சாயப்பட்டறை வந்தது. முன்பு கொட்டாய் இருந்த இடம் அது. அங்கே வந்ததும் அவளே கேட்டாள். தெரிந்தேதான் வெட்டினீர்களா?

"தெரியாம எப்படி வெட்டறது?" என்றார் மயில்சாமி. "படம் நீளம். கடைசி பஸ்ஸுக்குச் சனம் போவோணும். பத்து நிமிசம் கொறச்சுருன்னாரு கொட்டாய்க்காரரு. சண்டைய வெட்டுனாக் கொட்டாயவே பிரிச்சுப் போடுவானுங்க. ராக்கெட் கெளம்பறத வெட்டுனாப் படமே இல்ல. வேற எத வெட்டச் சொல்ற?"

"டீ குடுக்கறத வெட்டியிருக்கலாமுங்கல்ல?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் கொடுமை. "அதுக்குச் சனம் விசிலடிச்சுது கண்ணு," என்றார்.

அந்த ஃபிலிம் துண்டைக் கேப்டன் என்று ஏன் சொன்னீர்கள் என்றும் கேட்டாள். நீதான் கேப்டனாகணும் என்று குதித்துக்கொண்டு கிடந்தாய், கேப்டன் என்று சொன்னால் சந்தோசப்படுவாய் என்று சொன்னேன் என்றார். அவர் குரலில் கள்ளமே இல்லை. இந்த மனிதரை என்ன செய்வது? அந்தப் பொண்ணுதான் கப்பலை ஓட்டினாள் என்று ஒரே ஒரு தடவை, அந்தத் தகர டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, காதோடு சொல்லியிருந்தால் போதும். கொட்டாங்குச்சியைத் தூக்கி அந்தப் பையன்கள் மூஞ்சியில் அடித்திருப்பாள். எட்டாவதோடு நின்றிருப்பாளா என்பதுகூடச் சந்தேகம்தான்.

"நாளைக்கு நான் மெஷின்ல ஒக்காரப் போறனுங்க," என்றாள். "மருதாசலண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டேன்." சொல்லவில்லை. அந்த நேரத்தில் அப்படி வாயில் வந்துவிட்டது. அவர் ரோட்டைப் பார்த்தே நடந்தார்.

வீட்டில் அம்மாவிடம் வெட்டிய மீதி ஃபிலிமைப் பற்றி விசாரித்தாள். நஞ்சம்மாளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுள்ளி நனைந்துபோன நாட்களில் அதை வைத்துத்தான் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்தாளாம். நின்று எரியாவிட்டாலும் சட்டென்று பற்றிக் கொடுக்கும் என்று அதற்கு ஒரு பாராட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் தெய்வாத்தாள் தலைக்குக் குளித்துவிட்டுத் தனியாகத்தான் கிளம்பினாள். அப்பன் விடியும் முன்பே போய்விட்டிருந்தார். வழி நெடுக மருதாசலத்திடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அப்பனைக் கேட்கச் சொன்னால், என் வயசு என்ன, என் கை என்ன, தைத்துக் காட்டவா என்று கேட்பது. அப்படியும் முடியாது என்றால் தங்கவேலுவிடமே போய் நிற்பது. அதுவும் முடியாதென்றால் வேறு கம்பெனி. மனதுக்குள் எல்லாம் தயார்.

ஒன்றும் தேவைப்படவில்லை. "வா அம்மிணி, கடைசிக்கு முந்துன மெஷின் உனக்கு," என்றார் மருதாசலம். "காலைலயே அப்பன் வந்து சொல்லிட்டாரு. பெரிய மனசு."

பார்த்தீர்களா? கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோசப்பட வேண்டியதுதானே? அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. எடுத்து வைத்திருந்த சொல்லெல்லாம் வாய்க்குள்ளேயே கிடக்க, போய் உட்கார்ந்தாள். மெஷினுக்கு அவளே சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பக்கத்து மெஷினில் ஒச்சாயி. இவளுக்குக் கைமடியாக மருதம்மாளைப் போட்டிருந்தார்கள், நாலு பிள்ளை பெற்ற பெரிய பொம்பளை. அவள் நிற்க, தான் உட்கார்ந்திருப்பதும் தெய்வாத்தாளுக்குக் கூச்சமாக இருந்தது.

கற்பூரம் காட்டி முடித்ததும் தங்கவேலு சும்மா இருக்க மாட்டாமல் மயில்சாமியைக் கேட்டிலிருந்து கூட்டி வரச் சொன்னார். மைக் செட்காரன் இன்னும் சாமானைக் கழற்றிக்கொண்டு போகவில்லை. நேற்று பாதியிலே போய்விட்டீர்கள், இன்றைக்கு நல்ல நாள், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார். மயில்சாமி அதை வாங்கினார். வாங்கியதும் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"பொம்பளப் புள்ளைக எதுக்கும் பயப்படோணும்னு இல்லீங்கோ. என்ற புள்ளைக்கு நானே சொல்லிக் குடுத்து, தைரியம் சொல்லி, கூட்டியாந்து ஒக்கார வெச்சிருக்கறனுங்கோவ்."

ஷெட் முழுக்கக் கை தட்டிற்று. ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. விடிவதற்குள் அவருக்கு அது அப்படியே நடந்தது மாதிரி ஆகியிருக்கும். தெய்வாத்தாள் எழுந்திருக்கப் போனாள். நேற்றுக் கேட்ட மாதிரி இன்றைக்கும் ஒரு கேள்வி கேட்டால் அவர் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வார்? ஆனால் இன்றைக்கு எழுந்தால் இந்த ஸ்டூலைவிட்டு எழ வேண்டும். இது அவளாகச் சம்பாதித்தது என்பதை அங்கே ஒருத்தரும் நம்பாத நேரத்தில் இதை விட்டு எழுந்திருப்பதா? அவள் எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலை அமுக்கினாள். மெஷின் ஓடிற்று. ஒச்சாயியும் அமுக்கினாள். ஒவ்வொன்றாக அந்த வரிசை முழுக்க ஓட ஆரம்பித்தது. அப்பன் நிறுத்தவில்லை, குழாயில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மருதம்மாள் பீஸை மடித்து நீட்டிவிட்டுக் குனிந்து அவள் காதோடு கேட்டாள். "ஏம்புள்ள, அப்பன் எப்பச் சொல்லிக் குடுத்தாரு? உங்கூட்டுல மெஷின் இருக்குதா?"

"இல்லீங்கக்கா," என்றாள் தெய்வாத்தாள், பீஸைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அவருக்கு இதுல நூல் கோக்கவே தெரியாதுங்க."

மருதம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த மெஷினில் நின்றவளிடம் அதைச் சொன்னாள். அவள் அதற்கடுத்தவளிடம் சொன்னாள். நிற்கிற பெண்கள் வழியாகவே அது அந்த வரிசையின் கோடி வரைக்கும் போயிற்று. மைக் இருந்த பக்கம் போகவில்லை. அங்கே மயில்சாமி மகளுக்கு முதன்முதலாக நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், தங்கவேலு கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.